தட்டையாகிப்போன நட்சத்திரம்

என் நட்சத்திரத்துக்கு ஓட்டம் அதிகம். நம் சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். இதற்கு இரண்டே நாள் போதும். அந்த வேகத்துக்கு உடம்பில் அங்கங்கே கரும்புள்ளி. புள்ளி உள்ள முகம் நம் பக்கம் திரும்பினால் ஒளி இறங்கும், விலகினால் ஏறும். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை வரைந்து, புள்ளிகள் வருஷக்கணக்கில் கூடிக் குறையும் சுழற்சியைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சியாக இருந்தது. அளப்பதற்குக் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு மலையொன்றுக்குப் போவேன். எங்கள் ஊர் மழையில் வானத்தை எங்கே பார்ப்பது?

நான்காம் வருஷத்து அளவுகளைப் போட்டதும் கோடு தட்டையாக வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வழிகாட்டி மலையாளி. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குட்டி, புள்ளியெல்லாம் போயல்லோ" என்றார். மறுநாள் மதியம் ஆய்வுக்குழு கூடுகிறது. அநேகமாக வேறு தலைப்பு கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். இத்தனை வருஷ உழைப்பும் விழலுக்கு இறைத்த நீரா? அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, அதுவும் அந்த நட்சத்திரத்தின் மேல்.

அன்று சாயங்காலம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலைக் கடைத்தெருவில் இருக்கும் அப்பாவின் அரிசிக்கடைக்குப் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"என்னட்டி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"என் நட்சத்திரம் கைவிட்டுட்டுப்பா."

"விட்டா வேற ஒண்ண எடு. வானத்துல பஞ்சமா?"

மூட்டையிலிருந்து ஓர் அரிசியை உருவிக் கடித்தேன். திடீரென்று தலைக்கு மேலிருந்த பல்பு பளீரென எரிந்து கண் கூசியது. வோல்டேஜ் ஏறியிருக்கிறது. அப்படியானால் இவ்வளவு நேரம் அது மங்கலாக அல்லவா எரிந்திருக்கிறது! துளிகூட மினுங்காமல், ஒரே சீராக மங்கலாக எரிந்ததால் நான் கவனிக்கவே இல்லை.

"அப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஆய்வறையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்து உச்ச வெளிச்சத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் பார்ப்போம். என் வழிகாட்டி சாரே எழுதிய புரோகிராம், யார் கேள்வி கேட்பது? நட்சத்திரம் மொத்தமாக மங்கிப்போனாலும் அதற்குத் தெரியாது. ஓர் ஓரம் கருகிய தோசையைத் தட்டில் சுற்றினால் கருகல் வந்து வந்து போகும். சுற்றிலும் கருகிய தோசையை எப்படிச் சுற்றினாலும் ஒரே நிறம்தான்.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் அறையைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். பூஜ்யமாக்கும் வரியைத் தூக்கிவிட்டுப் புரோகிராமை ஓட்டினேன். பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளத் தள்ள எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் ஒளி இறங்கிக்கொண்டே வந்திருந்தது. அந்தத் தட்டைக் கோடு எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. புள்ளிகள் போகவில்லை, சுற்றிலும் அப்பிக்கொண்டு வருஷாவருஷம் கூடிக்கொண்டிருந்தன. என் சுழற்சி அதுதான்.

சார் காகிதத்தைப் பார்த்தார், தன் புரோகிராமைப் பார்த்தார். "எண்டம்மோ!" என்று தலையில் கைவைத்தவர் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மதியம் குழுவின் முன்னால் நின்றபோதும் எங்கள் இருவருக்கும் அடங்கவில்லை.

குழுவின் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "புள்ளி கூடுவது சரி. திரும்பக் குறைகிறதா என்று தெரிய இன்னும் பத்து வருஷமாவது ஆகும். யார் உட்கார்ந்து பார்ப்பது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"நான் சார்" என்றேன், அவர் வாயை மூடும் முன்பே. பிற்பாடு கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டவில்லை.