இறக்கையடியில் நின்றவள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷரில் பஸ் ஓட்டும் வில்ஃப், பழைய போர் விமானத்தின் வாலைப் பார்த்தே பேரைச் சொல்லிவிடுவான். மதுக்கடையில் கூடும் விமானப் பைத்தியங்களிடம் அன்று அவன் நண்பன் நார்மன் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தான்.

"போன கோடையில நான் எடுத்தது. என்ன விமானம், சொல்லுங்கடா பாப்போம்!"

ஆன்சன் என்றான் ஒருவன். "கண்ணு அவிஞ்சு போச்சா? ஆக்ஸ்ஃபோர்டுடா!" என்று பாய்ந்தான் இன்னொருவன். எஞ்சினை விட்டு யார் கண்ணும் நகரவில்லை. படம் எடுத்த மடையன் நார்மனே அதைத் தாண்டிப் பார்க்கவில்லை. இறக்கை நிழலில் ஃபிளாஸ்கோடு சிரித்தபடி நின்றவளை வில்ஃப் மட்டும் பார்த்தான்.

"நீ சொல்லு வில்ஃப், என்ன விமானம்?" என்றான் நார்மன்.

"ஆன்சன்தான்டா. கீழ நிக்கிறது என் பொண்டாட்டி டோரீன். விமானம்னாலே தலைவலின்னு என்கூட ஒரு நாளும் வராதவ."