கேட்டுக்காரரின் அஞ்சாங்கல்

செந்தூல் ரயில் பட்டறைக்கு நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட்டு உண்டு. அதைக் காத்தவர் காக்கிச் சட்டைக்காரர். ஒட்டிய கன்னம், முறுக்கிவிட்ட மீசை. கேட்டு மூடியிருக்கும்போது மாட்டுவண்டிக்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். அவர் கண் தண்டவாளத்திலேயே இருக்கும். ரயில் போனதும் குனிந்து தண்டவாளத்துக் கற்களைக் கிளறுவார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“என்னாண்ணே தேடுறீங்க?”

“அஞ்சாங்கல்லு தம்பி. ஆத்துக் கல்லு, வழவழன்னு இருக்கும். என் மகன் சின்னப் புள்ளயில பக்கத்து வீட்டுப் பொம்பளப் புள்ளைங்களோட ஆடுவான். ஆம்பளப் பயலுக்கு இது எதுக்குன்னு புடுங்கி இங்க வீசிட்டேன்.”

பிள்ளைகள் விளையாட்டில் என்ன ஆம்பளை, பொம்பளை என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“இப்ப மகன் எங்க இருக்காரு?”

“கிள்ளான் துறைமுகத்துல மூட்ட தூக்குறான். நான் சொன்ன மாதிரியே ஆம்பளையா வளந்துட்டான். தீபாவளிக்கு வந்தா நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடுவான். பக்கத்துல உக்கார மாட்டான்.” குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டே சொன்னார்: “அப்பல்லாம் ‘வாப்பா, ஒரு ஆட்டம் ஆடலாம்’னு கூப்புடுவான்.”

தூரத்தில் ரயில் ஊதியது. ஒரு கையில் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையிலிருந்த கல்லை மேலே எறிந்து புறங்கையில் ஏந்தப் பார்த்தார். அது உருண்டு கற்களோடு கற்களாய்ப் போயிற்று.

அவருக்கு ஆடத் தெரியவில்லை.