நூற்றில் ஐந்து

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வலது கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். "தரை ஓட்டையாயிடப் போகுது" என்று கணவன் கேலி செய்வான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன்.

மகன் பிறந்தபோது நன்றாகத்தான் அழுதான். சாயங்காலத்துக்குள் உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டன. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறி இருந்தன. நுரையீரலில் சுத்தமான ரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போனது. அன்றே இதயத்தின் நடுச்சுவரில் இருந்த சிறு துளையைப் பெரிதாக்கி, இரண்டு பக்க ரத்தமும் கலக்க வழிசெய்து, கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார்கள்.

அறுவை சிகிச்சை செய்யவிருந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"ரெண்டு குழாயையும் வெட்டி, மாத்தித் தைக்கணும்மா. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கற சின்னக் குழாய்களையும் இடம் மாத்தணும். அதுதான் கஷ்டம், நூல் மாதிரி இருக்கும். நூத்துல தொண்ணூத்தஞ்சு குழந்தைங்க நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க."

"மீதி அஞ்சு?"

"ரத்தப்போக்கு, இதயம் சரியா துடிக்காம போறது, கிட்னி, மூளை... எதுலயும் சிக்கல் வரலாம். ஆனா செய்யாம விட்டா பொழைக்கிறது கஷ்டம்."

அறையை விட்டு வந்ததுமே சண்டை.

"தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னாங்களே, கேட்டியா?"

"அஞ்சுன்னு சொன்னது உங்க காதுல விழலையா? என்கிட்ட கத்துக்கிட்டவங்க முக்கால்வாசிப் பேர் பாஸ். ஃபெயிலானவங்க மூஞ்சிதான் எனக்கு ஞாபகமிருக்கு."

அறுவை சிகிச்சை நாளன்று லிஃப்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். "செத்த உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் நாத்தனார். நடப்பவள் காதில் அது விழவில்லை.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். "இதயம் நல்லா துடிக்குது. ஆனா வீங்கியிருக்கு. வீக்கம் வடியற வரைக்கும் நெஞ்சை மூடித் தைக்க முடியாது."

மெல்லிய பிளாஸ்டிக் உறைக்கு அடியில் இதயம் துடிப்பது தெரியும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னாள். அதைக் கேட்டவளால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலைத் தாண்ட முடியவில்லை. கணவன்தான் உள்ளே போனான். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடிக்குதாங்க?"

"துடிக்குது. குட்டியூண்டு."

வீக்கம் வடிந்து நெஞ்சைத் தைத்தார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் குழந்தையின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு. மூளையில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. "வளர வளரத்தான் தெரியும்" என்றார்கள்.

இப்போது அவனுக்கு நாலு வயது. வீட்டில் ஒரு பொருளை விட்டுவைப்பதில்லை. வலது கைதான் கொஞ்சம் மந்தம், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவான். இந்த வருடப் பரிசோதனையில், நுரையீரலுக்குப் போகும் குழாய் தைத்த இடத்தில் லேசாகச் சுருங்கியிருந்தது.

"அடுத்த வருஷம் பார்ப்போம். ஒருவேளை பலூன் வச்சு விரிக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"ஓடி விளையாட விடுங்க."

சட்டை போட மாட்டேன் என்று, நெஞ்சுத் தழும்பு தெரிய, அவன் ஏற்கெனவே வெளியே ஓடியிருந்தான். கணவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி அடுத்த கேள்வியைக் கேட்டாள்.