ஃபியோடோசியாவைப் பற்றி நான் நடத்திய வகுப்பு

அமெரிக்காவில், இந்த ஃப்ரீமான்ட் ஊரில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான். தூத்துக்குடியில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண், பூசைக்கு எந்தக் கோயில் என்று விசாரிப்பார்கள். அதற்குள் காப்பி வந்துவிடும். இங்கே எனக்கு ஒரே பதில்: டிபென்டென்ட். கணவர் அருளின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், வேலை செய்யக் கூடாதவள். ஊரில் பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் நான். அந்தத் தொண்ணூற்றேழாம் வருடம் ஜூன் மாதத்தோடு என் சம்பளமில்லா விடுப்பு முடிய இருந்தது. இடையில் கிளம்பினால் கிரீன் கார்டு விண்ணப்பம் அதோடு சரி என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆகவே எட்டு மணிக்கு எல்லாக் கார்களும் போன பிறகு, காலியான பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 

மாடி வீட்டு லரிசாவும் அப்படி உட்கார்ந்திருப்பவள்தான். கருங்கடல் ஓரத்து ஃபியோடோசியா அவள் ஊர். பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பழைய பெயர் கஃபா. மங்கோலியர் முற்றுகையிட்டு, கொள்ளைநோயில் செத்த பிணங்களை மதிலுக்கு மேலே வீசினார்களாம். ஆண்டுதோறும் மாணவிகள் முகம் சுளிக்கச் சுளிக்க நடத்துவேன். முதலில் ஊரை அமைத்தவர்கள் கிரேக்கர்கள். ஏதென்சுக்கு அங்கிருந்துதான் கோதுமை போயிற்று. பின்னால் ஹூணர்கள் வந்து அழித்தார்கள். ஜெனோவா வணிகர்கள் கோட்டை கட்டி, பட்டோடு சேர்த்து மனிதர்களையும் விற்றார்கள். துருக்கியர், ருஷ்யர், சோவியத், நடுவில் ஜெர்மானியர், கடைசியில் உக்ரைன். எங்கள் ஊரிலும் பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று வரிசையாக வந்து போனவர்கள்தானே.

நான் மூச்சுவிடாமல் ஒப்பித்ததைக் கேட்டு லரிசா சிரித்தாள். "எங்க அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அந்தத் தெருவை விட்டு அவர் நகரவே இல்லை. நாடுதான் அவரை விட்டுப் போய்விட்டது" என்றாள். சொந்தத் தெருவிலேயே இருந்துவிட்ட அவரை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நாடு விட்டு நாடு வந்த எனக்கு இந்த அபார்ட்மெண்ட்டை விட்டு நகர வழியில்லை.

அவள்தான் என்னைப் பொது நூலகத்துக்கு இழுத்துப்போய், நூலகர் அம்மாளிடம் பேசி, ஒரு சனிக்கிழமை ஃபியோடோசியாவைப் பற்றி என்னைப் பேச வைத்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு கரும்பலகை முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே திரும்பக் கிடைத்தது போலிருந்தது. இனி வாரா வாரம் வர முடியுமா என்று கேட்டார் நூலகர். கையில் ஒரு கூடை ஆப்பிளும் கொடுத்து அனுப்பினார்.

அருள் கூடையைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"இத கூலின்னு இமிக்ரேஷன்காரன் சொல்லிட்டான்னா? விசா ஸ்டேட்டஸ் போயிரும், ஸ்டெல்லா."

"ஆப்பிள் பழம்ங்க."

"பழமா இருந்தா என்ன? பேசினதுக்குத்தான குடுத்திருக்காவ. வாராவாரம் போனா வேலைன்னே எழுதிருவான். கொண்டு குடுத்துரு."

அவர் கெட்டவர் அல்ல. எங்களைப் போல் விசாவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நடுக்கம் இருந்தது. திங்கட்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். "இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார் என் கணவர். வகுப்புக்கும் வர எனக்கு அனுமதியில்லை" என்றேன். நூலகர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு, ஒரு சிறு அட்டையை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். கணவனிடம் அடிபடும் பெண்களுக்கான தொலைபேசி எண்.

அதை அருளிடம் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

அந்த வாரமே கல்லூரி முதல்வர் சிஸ்டர் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். "ஜூன்ல வந்து சேருதியா, இல்ல எழுதிக் குடுத்துருதியா? பிள்ளையளுக்கு ஆள் வேணும்லா." எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அழுதேன். ஆற்றாமை தீர அழுதேன்.

"வீட்டுல வச்சு நடத்து, நானும் உக்காருதேன்" என்றார் அருள். அடுத்த சனிக்கிழமை மதியம் லரிசா தன் தோழி ஒருத்தியோடு இறங்கி வந்தாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி என் மாணவர்கள் மூன்று பேர். வெளியே நல்ல வெயில். கிரேக்கக் கப்பல்கள் கரையை நெருங்கும் இடத்துக்கு வந்திருந்தேன். அருள் எழுந்துபோய், பார்க்கிங் லாட்டில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய ஜன்னலின் பிளைண்ட்ஸ் திரையை இறக்கினார். அறை இருட்டிக்கொண்டு வந்தது. லரிசா ஏன் என்று கேட்கவில்லை. தன் பக்கத்திலிருந்த ஜன்னலை அவளே எழுந்து மூடிவிட்டு, மேலே சொல்லு என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.