மஞ்சள் சேட்டு

தலைமன்னாரில் கலியாண வீடியோக்களுக்கு நிறமும் பாட்டும் சேர்ப்பது என் தொழில். பைலா ஆட்டப்பாட்டென்றால் செம்மஞ்சள், காதல் பாட்டென்றால் இளஞ்சிவப்பு, செத்தவீடென்றால் சாம்பல் நீலம். இதெல்லாம் நானாகப் போட்டுக்கொண்ட சட்டம். யாரையும் கேட்கமாட்டேன்.

கடலில் இறந்த ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் காட்டவென்று, அவர் ஒரு கலியாண வீட்டில் பைலா ஆடிய வீடியோவை மனைவி ஒரு மெமரி கார்டில் கொண்டுவந்து தந்தார். நான் சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் போட்டேன், படத்தைச் சாம்பல் நீலமாக்கினேன். பழையதைக் கணினியிலும் வைக்காமல் அழித்துவிட்டு, அதே மெமரி கார்டில் புதியதை ஏற்றினேன்.

மனைவி கடையில் நின்றே பார்த்தார்.

“தம்பி, மனிசன் மஞ்சள் சேட்டெல்லோ போட்டவர். அழுறதுக்கு நாங்கள் இருக்கிறம். அவரைச் சிரிக்க விடுங்கோ. பழையதைத் தாங்கோ.”

அழித்ததைச் சொன்னேன். பிறகு மஞ்சளைக் கூட்டிப் பார்த்தேன்; சேட்டோடு முகமும் மஞ்சளானது. வேறொரு பைலாவைப் போட்டேன்; கால்கள் தாளத்துக்குச் சேரவில்லை. அந்த மனிசனுடைய சிரிப்புச் சத்தத்துக்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

“பரவாயில்லை, தம்பி” என்று வாங்கிக்கொண்டு போனார். இப்போதும் பூசைக்குப் போகும்போது என் கடையைப் பார்த்துத் தலையசைப்பார்.

அன்றைக்கே என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம்.