மெழுகுதிரிக்குப் பயந்த லைன்மேன்

டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸைப் பிடுங்குவதற்கு முன் சிவனாண்டி வீடுகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு கையுறை கையிலும் மற்றது கக்கத்திலும் இருக்கும். "கரண்டு ஒரு மணி நேரம் வராது, கேட்டியா. பிள்ள தொட்டில்லயா கெடக்கு? அப்போ அங்கன திரியக் கொண்டு வைக்காத. சேல தொங்கி ஆடும்லா." மறுமுனையில் சரி என்று சொன்னாலும் விடமாட்டார். "எங்க வைக்கப்போற? அதச் சொல்லு மொதல்ல."

தருவைகுளத்துக்கு லைன்மேனாக வந்து பதினோரு வருடமாகிறது. வீடு மாப்பிள்ளையூரணியில். ஐம்பத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு, ஏணியில் ஏறி ஏறிக் காய்த்துப்போன பாதம். உயர் அழுத்தக் கம்பிக்கு நேர் கீழே நின்று நிதானமாக வெற்றிலை போடுகிற மனிதருக்கு மெழுகுதிரி என்றால் பயம். கடல்காற்று கம்பியை அரிக்கிற ஊர். மாதத்தில் நாலைந்து தடவை கரண்டை நிறுத்தாமல் முடியாது. "நாம ஒரு ஃப்யூஸப் புடுங்குதோம். ஊருக்குள்ள நூறு திரி ஏத்துதாவ" என்பார்.

சுவிட்ச் சரியில்லை என்று கூப்பிட்ட வீட்டில் அவர் கண் முதலில் தேடுவது மெழுகுக் கறையைத்தான். டிவி மேலே, ஃப்ரிட்ஜ் மேலே, பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில். "இது பிளாஸ்டிக்குலா? திரி தீந்து அடியில வந்தா இது பத்திக்கிடாதா?" கேட்காமலே அடுப்படிக்குள் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, வாசலில் மணலை அள்ளிப்போட்டு, திரியை நட்டு, தண்ணீர் ஊற்றிய தட்டில் வைப்பார். "சாஞ்சாலும் தண்ணிக்குள்ள சாயட்டும்." கூட வேலை பார்க்கும் செந்தில்முருகன் அவரைவிட இரண்டே வயது இளையவர். "அண்ணாச்சி, நாம கரண்டு ஆபீசா, தீயணைப்பா?" என்று கேலி செய்வார். சிவனாண்டி சிரிக்கமாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், அரைமணி நேர வேலை மழையால் மூன்று மணி நேரம் இழுத்துவிட்டது. அந்த இருட்டில் ஒரு பெண் கட்டிலுக்கடியில் எதையோ தேட மெழுகுதிரியோடு குனிந்திருக்கிறாள். நைலான் சேலை. உயிர் பிழைத்தாள், இடது கை மட்டும் மடங்கியே நின்றுபோனது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், வார்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார்.

போன ஐப்பசியில் ஒரு நாள், பொழுது அடையும் நேரம். காற்றில் முறிந்த தென்னமட்டை விழுந்து கம்பி அறுந்தது. வழக்கம்போல் போன் போட்டார். பிளாரன்ஸ் மட்டும் எடுக்கவில்லை.

அவருக்கு ஆகவே ஆகாத வீடு அதுதான். பிளாரன்ஸின் கணவன் ஜெஃப்ரி ஆழ்கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள். இரண்டு நாள் முன்பே வந்திருக்க வேண்டிய படகு. அவன் கடலுக்குப் போனால், கரை திரும்பும்வரை மாதா சுரூபத்தின் முன்னால் திரி அணையக்கூடாது என்பது அவள் நேர்ச்சை. "வெளிய போவும்போதாவது அணைச்சிட்டுப் போயேம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அவிய கடல்ல கெடக்காவ அண்ணாச்சி. நான் எப்பிடி அணைப்பேன்?"

அன்று சிவனாண்டி கம்பத்து உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே சன்னலுக்குச் சன்னல் மஞ்சள் பொட்டு. பிளாரன்ஸ் வீட்டுச் சன்னலில் பொட்டு பெரிதாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தார். திரைச்சீலை காற்றில் உள்ளே போய்ப் போய் வந்தது. ஒருமுறை திரும்பி வரும்போது அதன் நுனியில் நெருப்பு இருந்தது.

"ஏலே செந்திலு! பிளாரன்ஸு வீட்டப் பாருல!" டிரான்ஸ்பார்மரடியில் நின்ற செந்தில்முருகனுக்குக் காற்றில் எதுவும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. ஏணிப்படியைக் கால் தேடித் தேடித் தவறியது. கடைசி மூன்று படியைக் குதித்தே கடந்தார்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திரைச்சீலையில் பாதி எரிந்து, உருகிய துளிகள் பாயில் சொட்டிப் பொசுக்கிக்கொண்டிருந்தன. இழுத்துக் கீழே போட்டு மிதித்தார். குடத்துத் தண்ணீரைச் சீலை, பாய், பீடம் என்று பார்க்காமல் கொட்டினார். எல்லாம் இருட்டானது.

கடற்கரையில் படகுக்காகக் காத்து நின்ற பிளாரன்ஸ், புகையைக் கண்டு ஓடி வந்தாள். கருகிய சீலையை அவள் பார்க்கவில்லை. பீடத்தைத்தான் பார்த்தாள்.

"திரி அணைஞ்சிட்டே!"

"நாந்தாம்மா அணைச்சேன். வீடு பத்தியிருக்கும்."

"அவிய இன்னும் வரலியே அண்ணாச்சி..."

அவருக்குக் கோபம்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது. "செத்தப் பொறு. இந்தா வாரேன்" என்று வெளியே போனார். பத்து நிமிட வேலை அன்றைக்கு அரைமணி நேரம் பிடித்தது. முறுக்கிய கம்பியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். கரண்டு வந்ததும் தெருவே கூச்சலிட்டது. "போவோமா?" என்றார் செந்தில்முருகன். "நீ போ. நான் பொறவு வாரேன்."

அவர் திரும்பவும் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பிளாரன்ஸ் போனைக் காதில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். இன்ஜின் நின்றுபோய், வேறு படகு கயிறு கட்டி இழுத்து வருகிறதாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் கரை.

சிவனாண்டி சன்னலைச் சாத்தினார். மாதா சுரூபத்தை ஈரம் துடைத்து, அறை நடுவில் இருந்த மேசைக்கு மாற்றினார். ஒரு டம்ளரில் மணல் அள்ளிப்போட்டுப் புதுத்திரியை நட்டு அவரே கொளுத்தினார். அவள் வாசலுக்கும் மேசைக்குமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ கரைக்குப் போம்மா. நான் இங்கன இருக்கேன்."

அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அவர் திரிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியில் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. எழுந்துபோய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து, கழுத்தில் வியர்வை இறங்க, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.