இடக்கை எழுதிய வரி

பழிவாங்க எனக்கு ஒரு பென்சில் போதுமாக இருந்தது.

பதுளையில் எங்கள் வாசகர் வட்டம் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் ஒரு புடவைக்கடையின் மாடியில் கூடும். தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பல வருஷங்களுக்கு முன் வட்டத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கதை கொடுத்தேன். அதை எல்லோர் முன்னாலும் என்னிடமே திருப்பி நீட்டி, "டீச்சர், உங்களுக்கு எழுத வராதுங்க. முடிச்ச மொத வரியிலயே அவுத்துப்புடுறீங்க," என்றார். மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதன் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. வன்மம் வைத்திருப்பவளுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

போன வருஷம் அவர் ஒரு மர்ம நாவல் வெளியிட்டார். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கிராமம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு குடிகாரனின் பிணம், கொன்றது யார் என்பது கடைசிப் பக்கம்வரை மூடுமந்திரம். வட்டத்துக்கு ஒரே ஒரு பிரதி அன்பளிப்பு. எந்தப் புத்தகமானாலும் எங்களிடம் ஒரு பிரதிதான். அது பஸ் கண்டக்டர்கள் கையில் எல்ல, கொஸ்லந்த என்று ஊர் ஊராக உறுப்பினர் வீடுகளுக்கெல்லாம் போய்வரும். கடைசி ஆள் வாசித்து முடிக்கும்வரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. உறை போடுவது என் வேலை என்பதால் அது முதலில் என் வீட்டுக்கு வந்தது.

ஒரே மூச்சில் வாசித்து, உறையும் போட்டேன். என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். அதனால் பென்சிலை இடக்கையில் பிடித்து முதல் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினேன்: "கொன்றவள் தாய்தான். ஏன் கொன்றாள் என்று மட்டும் பாருங்கள்." அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

புத்தகம் சுற்றி முடிந்து கூட்டம் வந்தது. தலைவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார்.

"போலீஸ் வர்ற எடமெல்லாம் சவசவன்னு இருக்குங்க. நான் தள்ளிட்டேன்," என்றார் புடவைக்கடைக்கார அம்மா.

"எங்க ஊருல பொணம் கெடந்துச்சுன்னு எழுதிப்புட்டீங்களே, இனி டூரிஸ்ட் வருவானா?" என்றார் எல்லவில் விடுதி நடத்துபவர்.

என் வயிறு குளிர்ந்தது. அப்போது கொஸ்லந்தயிலிருந்து வந்தவள் பேசினாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவள் அவள்.

"மொத பக்கத்துல நீங்க கைப்பட எழுதுனீங்களே, அந்த வரிதாங்க எனக்குக் கத. அம்மாதான்னு தெரிஞ்சுக்கிட்டே வாசிச்சேனா, அவ அந்தக் குடிகார மகனுக்குச் சோறு போடுற எடத்துலயே அழுதுட்டேன்."

"எனக்கும் அப்படித்தாங்க," என்றார் கடைக்கார அம்மா. விடுதிக்காரரும் தலையாட்டினார்.

தலைவர் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஆமா, கடைசி நேரத்துல தோணுச்சு," என்றார்.

முதல் வரியிலேயே முடிச்சை அவிழ்ப்பது குற்றம் என்று என்னை எழுதாமல் ஆக்கியவர், அதையே தன் புகழாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்!

"அத எழுதுனது நான்," என்றேன்.

"என்னாங்க டீச்சர், பொறாமையா? உங்களுக்குத்தான் எழுத வராதே."

மறுபடியும் அதே சிரிப்பு.

எழுந்து போய் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினேன். எல்லோரும் பார்க்க, பென்சிலை இடக்கையில் பிடித்து அந்த வரிக்குக் கீழேயே எழுதி, கடைக்கார அம்மாவிடம் நீட்டினேன். மேலும் கீழும் அதே கோணல் எழுத்து. அந்த அம்மா சத்தமாக வாசித்தார்:

"இதை எழுதியவள் நான்தான். அவர் ஏன் ஆமா என்றார் என்று மட்டும் கேளுங்கள்."

எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்து ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.